கால் மறுக்கும் நாட்கள்: சாட்ஸ்வொர்த் ஓட்டக் குறிப்புகள்

2025 ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டப் பந்தயத்துக்கு இன்னும் 8 வாரம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து அதில் ஓடும் நம்மவர்களுக்கு இந்தக் குறிப்புகள். ஜூன் 8 அன்று பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இறங்கி வர வேண்டும், கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். தகுதி மாரத்தானை 4 மணி 50 நிமிடத்துக்குள் முடித்த பூரிப்பு இதற்குள் வடிந்திருக்கும். "இன்னைக்கு ஒரு நாள் விட்டுடலாமே" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கேட்கிற காலம் இதுதான்.

அந்தப் பேச்சு சில நாள் சோம்பல், சில நாள் நியாயம். பிரித்தறிய எளிய வழி நாடி. காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காருவதற்கு முன்பே, மணிக்கட்டில் விரல் வைத்து 60 வினாடி எண்ணி நாள்காட்டியில் குறியுங்கள். வழக்கமாக 56 வருகிறவருக்கு மூன்று நாள் தொடர்ந்து 64 வந்தால் உடம்பு இன்னும் தேறவில்லை. அன்றைக்கு ஓட்டம் கிடையாது, மனம் துள்ளினாலும் கிடையாது. நாடி சரியாக இருந்தும் மனம் வரவில்லையா? 10 நிமிடம் மட்டும் மெதுவாக ஓடிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கால் கல்லாகக் கிடந்தால் திரும்பிவிடலாம், குற்ற உணர்ச்சி தேவையில்லை. பெரும்பாலும் ஆறாவது, ஏழாவது நிமிடத்தில் கால் இளகிவிடும்.

ஏப்ரல் 23, புதன்

ஈஸ்டரும் இசிப்பிங்கோ, மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழாவும் முடிந்தன. விரதம் இருந்தவர்கள் இந்த வாரமே விட்ட தூரத்தைப் பிடிக்கப் பார்க்க வேண்டாம். விட்டது விட்டதுதான்.

மாலை ஓட்டத்தைக் கெடுப்பது பல சமயம் கால் அல்ல, அலுவலகம். 2009இல் சாமுவேல் மார்கோரா என்ற ஆய்வாளரின் குழுவினர் 16 பேரை 90 நிமிடம் கணினி முன் கவனத்தைப் பிழியும் வேலை செய்ய வைத்து, பிறகு சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். சராசரியாக 640 வினாடியில் கைவிட்டார்கள். மூளையைக் களைப்பாக்காத நாளில் அதே ஆட்கள் தாங்கியது 754 வினாடி. இதயத்துடிப்பு போன்ற உடல் அளவுகளில் இதை விளக்கும் வித்தியாசம் இல்லை; பாரம் மட்டும் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. ஆகவே கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிய நாளில் வேகப் பயிற்சி வேண்டாம். வேகத்தைச் சனிக்கிழமை காலைக்குத் தள்ளிவிட்டு அன்று மெதுவாக ஓடுங்கள்.

இன்னொன்று, வீட்டுக்குள் போய் சோபாவில் உட்கார்ந்தால் கதை முடிந்தது. ஷூவும் ஒளிரும் மேல்சட்டையும் காரிலேயே இருக்கட்டும். "கார் நின்றதும் ஷூ மாற்றுவேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் களைத்த தலையிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், தனியாகப் போக வேண்டாம்.

மே 4, ஞாயிறு

நீண்ட ஓட்டத்தில் 30 கிலோமீட்டர் தாண்டியதும் "நமக்கு ஏன் இந்த வேலை" என்று வரும் விரக்தி பெரும்பாலும் பசி. தசையிலும் ஈரலிலும் சேமித்த மாவுச்சத்து மொத்தம் 400, 500 கிராம்தான். இரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் முதலில் வாடுவது மூளை. எரிச்சல், அழுகை, காரணமில்லாத கோபம் எல்லாம் வரும். அந்த நிலையில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். முதலில் சாப்பிடுங்கள், 15 நிமிடம் நடங்கள், பிறகு யோசியுங்கள்.

மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து, முதல் அரைமணியிலிருந்தே. 200 மில்லி கோக்கில் சுமார் 21 கிராம். கோழிமுட்டை அளவு வேகவைத்த உருளைக்கிழங்கில் 10, 12 கிராம். பசித்த பிறகு ஆரம்பித்தால் வயிறு வாங்காது. முந்தின இரவு மட்டன் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது) வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை; கொழுப்பும் காரமும் காலை ஐந்து மணிக்குத் தம் வேலையைக் காட்டும்.

தண்ணீரிலும் கவனம். களைப்பாக இருக்கிறதே என்று வழியில் வைத்திருக்கும் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். இந்த ஆபத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் கேப் டவுனின் விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் டிம் நோக்ஸ். அவர் 1985இல் எழுதியதில் காம்ரேட்ஸ் ஓடியவர்களும் இருந்தார்கள். மோதிரம் இறுகுவது, தலைவலி, குமட்டல், பேச்சுக் குழறுவது இதன் அடையாளங்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

மே 13, செவ்வாய்

இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கினால் ஊக்கத்தைத் தேட வேண்டாம், மருத்துவரைத் தேடுங்கள். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பில் உள்ள இரும்புச்சத்து இருப்பின் அளவு), தைராய்டும், சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். சைவ உணவுக்காரர்களுக்கும் மாதவிடாய் உள்ள பெண்களுக்கும் இரும்புச்சத்துதான் முதல் சந்தேகம். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது அதை உறிஞ்ச விடாது. ஒரு மணிநேரம் பொறுக்கலாம்.

மே 24, சனி

பந்தயப் பாதையில் வரும் ஃபீல்ட்ஸ் ஹில் பற்றித் தனியாக எழுத வேண்டும். க்ளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு சுமார் 3 கிலோமீட்டர் இறக்கம். இறக்கம்தானே என்று நினைப்பவர்கள்தான் அங்கே உடைகிறார்கள். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. ஒவ்வொரு அடியிலும் நார்கள் நுணுக்கமாகக் கிழிகின்றன. குதிகாலை முன்னே எறிந்து பிரேக் போடுகிறவருக்குச் சேதம் இன்னும் அதிகம். அடியைச் சுருக்குங்கள், முழங்காலை லேசாக மடக்குங்கள், பாதம் இடுப்புக்கு அடியில் விழட்டும். சத்தம் கேட்டாலே தெரியும்: "தட் தட்" என்றால் தவறு, "சரக் சரக்" என்றால் சரி. இதைத் தப்பாகச் செய்தவருக்கு அடுத்து வரும் கவீஸ் ஹில் ஏற்றத்தில் எந்த மந்திரமும் உதவாது.

பந்தயத்தை முடிக்கக் கொடுக்கும் 12 மணிநேரத்தை 90ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 8 நிமிடம். அதில் நடக்கவும் இடம் இருக்கிறது. 6 நிமிடம் ஓடி 1 நிமிடம் நடப்பதை முதல் மணியிலிருந்தே செய்யுங்கள். களைத்த பிறகு நடந்தால் அது தோல்வி போலத் தோன்றும், திட்டப்படி நடந்தால் தோன்றாது. ஹாரிசன் ஃப்ளாட்ஸ் மாதிரி பார்க்க ஒன்றுமில்லாத இடத்தில் மின்கம்பத்தை எண்ணுங்கள்: நான்கு கம்பம் ஓட்டம், ஒன்று நடை. இல்லையென்றால் 'பஸ்' என்று சொல்லும் ஓட்டக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். கொடி பிடித்தவர் பின்னால் பெருங்கூட்டமாகப் பாடிக்கொண்டு ஓடுவார்கள். வேகத்தைப் பற்றி முடிவெடுக்கும் வேலை அவருடையது, உங்களுக்குத் தலை மிச்சம்.

ஜூன் 3, செவ்வாய்

பந்தயத்துக்கு முன் பயிற்சித் தூரத்தைக் குறைத்த வாரத்தில் கால் கனமாகத் தெரியும், இல்லாத வலியெல்லாம் முளைக்கும். வழக்கம்தான். சோதித்துப் பார்க்கிறேன் என்று 20 கிலோமீட்டர் ஓடாதீர்கள். சனி இரவு தூக்கம் வராது, வியாழனும் வெள்ளியும் தூங்கிவிடுங்கள். காபியைக் காலையில் முழுவதும் குடித்துவிடாமல் பாதியை 60ஆவது கிலோமீட்டருக்கு வையுங்கள்.

டிரம்மண்ட் அருகே சாலையோர மண்மேட்டில் ஆர்தர் நியூட்டனின் இருக்கை இருக்கிறது. 1920களில் காம்ரேட்ஸை ஐந்து முறை வென்றவர். பூ வைத்து காலை வணக்கம் சொன்னால் இரண்டாம் பாதி நன்றாகப் போகும் என்பார்கள். நம்மவர்களுக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்? ஆனால் உட்கார்ந்துவிட வேண்டாம், எழுவது கஷ்டம்.

சனி மாலை வேலை ஒன்று: சின்ன உருளைக்கிழங்கு 12, தோலோடு, 15 நிமிடம் வேகவிட்டு, ஆறியதும் உப்பில் புரட்டி, நான்கு நான்காக மூன்று பையில் கட்டுங்கள். பைகள் கேட்டோ ரிட்ஜ், ஹில்க்ரெஸ்ட், பைன்டவுனில் நிற்கும் நம் வீட்டார் கையில் இருக்கட்டும். வேண்டாம் என்று நீங்கள் தலையாட்டினாலும் கையில் திணிக்கச் சொல்லிவிடுங்கள்.