ஸ்கேலிங்குக்குப் பிறகுதான் லேசர்

"சுரண்ட வேண்டாம் டாக்டர், லேசர்லயே க்ளீன் பண்ணிடுங்க." பல் மருத்துவரின் நாற்காலியில் உட்காருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. செய்யலாமா என்பது அந்தக் கிளினிக்கில் இருக்கும் லேசரைப் பொறுத்தது.

பெரும்பாலான கிளினிக்குகளில் இருப்பது டையோடு லேசர். அலைநீளம் 810, 940 அல்லது 980 நானோமீட்டர். இந்த ஒளியை ரத்தத்தின் ஹீமோகுளோபினும் ஈற்றின் மெலனினும் நன்றாக உறிஞ்சும். வேரில் கெட்டித்துப்போன பற்காரையை அது பெயர்க்காது, சூடாக்கும், அவ்வளவுதான். பல்லின் தேநீர்க் கறையும் போகாது. அதற்குப் பாலிஷிங் இருக்கிறது. ஆகவே காரையை எடுக்கும் ஸ்கேலிங், அதாவது அதிர்வில் பெயர்க்கும் அல்ட்ராசோனிக் ஸ்கேலரும் கையால் சுரண்டும் க்யூரெட்டும், முதலில். காரை மிச்சமிருக்கும் பாக்கெட்டில் (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆழமாகிப்போன இடுக்கு) லேசர் விடுவது, பெருக்காத தரையில் மெழுகு போடுவதைப் போல.

அதற்கும் முன்னால் அளவெடுக்க வேண்டும். ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் ப்ரோப் என்ற மெல்லிய அளவுகுச்சியை வைத்து இடுக்கின் ஆழத்தைப் பார்ப்பார்கள். 3 மில்லிமீட்டர் வரை ஆரோக்கியமான ஈறு. அந்த ஆழத்தில் லேசர் ஓட்டினால் பில்லில் ஒரு வரி கூடும், வேறொன்றும் கூடாது. 4 மில்லிமீட்டரைத் தாண்டி, தொட்டதும் ரத்தம் கசிகிற இடங்களில்தான் யோசிக்க வேண்டும். அங்கும் சரியாகச் செய்த ஸ்கேலிங்குக்கு மேல் லேசர் தரும் பலன் சிறியதே.

டையோடு லேசரின் ஒளியைப் பாக்கெட்டுக்குள் கொண்டுபோகும் ஃபைபர் இழை 300 அல்லது 400 மைக்ரான் தடிமன் இருக்கும். நுனியைக் கீறி ஒடித்ததும் வழிகாட்டும் சிவப்பு ஒளியை வெள்ளைத் தாளில் அடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். வட்டமாக விழுந்தால் சரி. வால் நட்சத்திரம் மாதிரி ஒரு பக்கம் இழுத்தால் மறுபடி ஒடிக்க வேண்டும். அடுத்து, பலரும் குழப்பிக்கொள்கிற ஒரு விஷயம். கிருமிகளைக் குறைக்க மட்டும் என்றால் நுனி கருக்கப்படாமல் இருக்க வேண்டும், ஒளி அப்படியே வெளியேறும். பாக்கெட்டின் உட்சுவரில் நோயுற்ற திசுவை நீக்க வேண்டுமானால் கார்க்கிலோ கருப்புத் தாளிலோ தொட்டுக் கருக்குவார்கள். அப்போது வெப்பம் நுனியிலேயே குவியும்.

ஃபைபரின் நீளத்தைப் பாக்கெட் ஆழத்தைவிட 1 மில்லிமீட்டர் குறைவாக வைத்துக்கொண்டு, நுனியை வேர்ப் பக்கமல்லாமல் ஈற்றுச் சுவர்ப் பக்கம் திருப்பி, பெயின்ட் அடிப்பதுபோல நிறுத்தாமல் நகர்த்த வேண்டும். சக்தி பெரும்பாலும் ஒரு வாட்டை ஒட்டியே இருக்கும். ஈறு கருமையாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். மெலனின் அதிகமென்றால் அதே வாட்டில் சூடும் அதிகம்.

தவறு நடப்பது பெரும்பாலும் நுனியில்தான். உறைந்த ரத்தமும் திசுத் துணுக்கும் ஒட்டிக் கருகினால் ஒளி வெளியே வராது; கையில் இருப்பது பழுக்கக் காய்ந்த கம்பி. சில நொடிகளுக்கு ஒருமுறை ஈரப் பஞ்சுத் துணியில் துடைக்கச் சொல்வது இதனால்தான். எலும்பு ஒரு நிமிடம் 47 டிகிரி செல்சியஸில் இருந்தாலே பாதிக்கப்படும். மரத்துப்போக ஊசி போட்டிருந்தால் நோயாளிக்குச் சூடு தெரியாது, அதனால் கை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது மருத்துவரின் பொறுப்பு மட்டுமே.

காரையையே பெயர்க்கும் லேசரும் உண்டு: 2940 நானோமீட்டர் எர்பியம் யாக். நீர் இதை மிக வலுவாக உறிஞ்சும். காரைக்குள் இருக்கும் ஈரம் நொடிப்பொழுதில் ஆவியாகி வெடிக்க, காரை துணுக்குகளாகச் சிதறும். சத்தம் பிடிக்காமல் லேசர் கேட்டவருக்கு இதில் 'பட் பட்' என்ற ஓசைதான் கிடைக்கும். நுனி வேரோடு சாய்வாக இருக்க வேண்டும்; செங்குத்தாகப் பிடித்தால் வேரில் குழி விழும். தண்ணீர்த் தெளிப்பு நின்றால் உடனே பெடலிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும்.

கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அந்தந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடியை மருத்துவர், உதவியாளர், நோயாளி மூவரும் அணிய வேண்டும். டையோடுக்கான கண்ணாடி எர்பியத்துக்கு உதவாது. டையோடு ஒளி கண்ணுக்கே தெரியாது என்பதால், வாய்க்குள் பார்க்க வைக்கும் பளபளப்பான சிறு கண்ணாடியில் பட்டுத் திரும்பினாலும் தெரியாது. புகையை இழுக்க உறிஞ்சுகுழாய் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

முடிந்த பின் சில வாரங்களுக்கு அந்தப் பாக்கெட்டில் ப்ரோப் விடக்கூடாது; புதிதாக ஒட்டிவரும் திசு கிழிந்துவிடும். மறு அளவு அதன் பிறகுதான். 6 மில்லிமீட்டர் இருந்த இடம் அப்போதும் 6 என்றே காட்டி ரத்தமும் கசிந்தால், வாட்டைக் கூட்டி மறுபடி லேசர் விடுவதற்கு முன் வேரில் காரை எங்காவது தப்பியிருக்கிறதா என்று தேட வேண்டும்.