ஜே, கே, பி, ஓ, செமிகோலன்: ஓர் அரச இணையத்தளத்தைத் திருத்திய அனுபவம்

திருகோணமலையில் ஓர் அரச அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். கணினி ஓரளவு தெரியும் என்பதால் இணையத்தளம் என் தலையில் வந்து சேர்ந்தது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடியதாக அதைத் திருத்தும்படி பணிக்கப்பட்டபோது, தானாகவே பிழை பார்க்கும் கருவி ஒன்றில் தளத்தின் முகவரியைக் கொடுத்தேன். படங்களுக்கு விளக்கம் இல்லை, சில இடங்களில் எழுத்தின் நிறம் மங்கல் என்றது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டி. இரண்டு நாளில் எல்லாவற்றையும் சரிசெய்தேன். கருவி பச்சை காட்டியது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

பாலையூற்றில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்களிடம் அடிக்கடி வருவார். பார்வை முழுவதும் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் பஸ் ஏறி வந்து, அறிவித்தல் பலகையில் இருப்பதை யாரிடமாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவார். "ஐயா, ஒருநாள் எங்கள் தளத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். மறுநாளே மடிக்கணினியோடு வந்துவிட்டார். அதில் திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இருந்தது. அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. தமிழும் வாசிக்கும்.

அறிவித்தல் பக்கத்தைத் திறந்தார். கணினி ஏதேதோ ஒலிகளைக் கொட்டியது. ஐயா நிறுத்திவிட்டு, அம்புக்குறி விசையால் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தார். ஜே. கே. பி. ஓ. செமிகோலன்.

"இது என்ன பாஷை, பிள்ளை?"

திரையில் அந்த இடத்தில் 'தமிழ்' என்ற சொல் இருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தப் பக்கம் முழுவதும் பாமினி. எங்கள் கந்தோர்களிலும் அச்சகங்களிலும் தட்டச்சுப் பழகிய பலருக்கு அதுதான் கைப்பழக்கம். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்துகிற எழுத்துரு அது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். தேடுபொறியிலும் அகப்படாது. எத்தனையோ ஆண்டுகளாகத் தமிழில் வெளியிட்டு வருகிறோம் என்று நம்பியிருந்தோம். பச்சை காட்டிய கருவிக்கும் இது பிடிபடவில்லை.

எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது கணினியும் தமிழாகவே அறியும் எழுத்துமுறைக்கு மாற்றினேன். மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பாமினிப் பந்திக்கு நடுவே கிடந்த மின்னஞ்சல் முகவரிகளையும் ஆங்கிலச் சொற்களையும் அவை பொருளற்ற தமிழ் எழுத்துகளாக்கிவிட்டன. வரிவரியாக வாசித்துத்தான் திருத்த வேண்டியிருந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: மூன்று மொழிப் பக்கங்களிலும் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றே குறிக்கப்பட்டிருந்தது. தமிழ்ப் பக்கத்தில் அதைத் தமிழ் என்று மாற்றியதும் வாசிப்பான் தானாகவே தமிழ்க் குரலுக்கு மாறியது. ஒரு சொல் திருத்தம்தான். ஐயா அந்தப் பக்கத்தை இரண்டு தடவை கேட்டார்.

சுற்றறிக்கைகள்தான் என்னை மிகவும் களைக்க வைத்தன. கணினியில் தட்டச்சு செய்கிறோம், அச்சிடுகிறோம், ஒப்பமிட்டு முத்திரை குத்துகிறோம், பிறகு ஸ்கேன் செய்து தரவேற்றுகிறோம். அது படம், வாசிப்பானுக்கு வெற்றுத் தாள். மூலக் கோப்பைப் போடுவோம் என்றேன். ஒப்பமும் முத்திரையும் இல்லாமல் எப்படி, யாராவது திருத்திப் பரப்பினால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நியாயமான பயம்தான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தைக் காட்டினேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை இணையத்தையும் குறிப்பிடுகிறது என்றேன். தலையாட்டினார்கள், கோப்பு நகரவில்லை. கடைசியில் ஐயாவைக் கூட்டத்துக்கு அழைத்து வந்தேன். அவர் ஒரு சுற்றறிக்கையைத் திறந்தார். அறை முழுவதும் காத்திருந்தது. கணினி ஒன்றுமே சொல்லவில்லை. அன்றே முடிவாயிற்று: ஒப்பமிட்ட ஸ்கேன் பிரதியும் இருக்கும், அதே பக்கத்தில் முழு வாசகமும் எழுத்தாக இருக்கும்.

அடுத்தது விண்ணப்பப் படிவம். பெட்டிகளுக்கு மேல் தலைப்புகள் எழுதியிருந்தன, ஆனால் பெட்டியோடு இணைக்கப்படவில்லை. பெயரா, கிராம உத்தியோகத்தர் பிரிவா என்று தெரியாமல் வெறும் பெட்டி பெட்டியாகவே அவருக்குக் கேட்டது. அடையாள அட்டை இலக்கம் பிழையென்றால் கட்டம் சிவப்பாகும், அவ்வளவுதான். இப்போது பழைய அட்டைக்கு 9 இலக்கமும் ஆங்கில எழுத்தும், புதியதற்கு 12 இலக்கம் என்று முன்கூட்டியே சொல்கிறது. பிழை வந்தால் எந்தப் பெட்டியில் என்ன பிழை என்று எழுத்தில் சொல்கிறது.

தானியங்கி நிரல்களைத் தடுப்பதற்காகப் படிவத்தில் இருந்த, கோணல் எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொல்லும் படத்தை எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறிப்பெட்டியை வைத்தேன். அந்த நிரல்கள் அதையும் நிரப்பி மாட்டிக்கொள்ளும். ஆனால் ஐயாவின் வாசிப்பான் அதையும் வாசித்தது. அவர் பொறுப்பாக நிரப்பி அனுப்பினார். தளம் அவரை மனிதர் இல்லையென்று தள்ளிவிட்டது. அன்று எனக்கு வந்த வருத்தம் கொஞ்சமல்ல. வாசிப்பானுக்கும் தெரியாதபடி அதை மறைத்து, "இதை நிரப்ப வேண்டாம்" என்ற தலைப்பையும் சேர்த்தேன்.

சுட்டி பிடிக்க முடியாதவர்களுக்காக விசைப்பலகையாலேயே எல்லா இடத்துக்கும் போகச் செய்ததும், காணொளிகளுக்கு எழுத்துவரி சேர்த்ததும் ஒப்பீட்டளவில் சுலபம். இடையில் ஒரு நிறுவனம், பக்க ஓரத்தில் ஒரு பொத்தானைப் பொருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று விலை சொன்னது. வேண்டாம் என்றேன். பாமினியை எந்தப் பொத்தானும் தமிழாக்காது.

போன மாதம் ஐயா வீட்டிலிருந்தே விண்ணப்பத்தை அனுப்பினார். பதிவிலக்கம் கிடைத்ததும் என்னை அழைத்து அதை ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். இந்தத் திங்கட்கிழமை மீண்டும் அழைத்தார்.

"பிள்ளை, இன்றைக்குப் போட்டிருக்கிற அறிவித்தல் படமாக மட்டும்தான் இருக்கிறது."

மூலக் கோப்பை வாங்குவதற்காக எழுதுவினைஞரின் மேசைக்குப் போனேன்.