வெறும் பக்கங்கள்

எங்கள் வார்டில் ஒரு பதிவேடு உண்டு. தவறான மருந்து, தவறான அளவு, நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தது, டிரிப் ஊசி நகர்ந்து கை வீங்கியது என்று நடக்கக்கூடாத எது நடந்தாலும் அதில் எழுத வேண்டும். நான் இன்சார்ஜ் சிஸ்டராகி மூன்று வருடங்கள் ஆகியிருந்தபோது, என் காலத்தில் அதில் எழுதப்பட்டவை இரண்டே இரண்டு. இரண்டும் கட்டிலிலிருந்து விழுந்தவை; யாராலும் மறைக்க முடியாதவை. மற்றதெல்லாம் வெறும் பக்கங்கள். மாதக் கூட்டத்தில் அந்தப் பதிவேட்டை எடுத்துக் காட்டுவேன். என் வார்டில் தவறு நடப்பதில்லை என்று மனதார நம்பினேன்.

நான் ஜெபிக்காமல் டியூட்டிக்கு வருகிறவள் அல்ல. ஆனால் காலை ஹேண்ட் ஓவர் நேரத்தில், அதாவது நைட் டியூட்டிக்காரர்கள் நோயாளிகளை அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைக்கும்போது, என் குரல் அடுத்த வார்டு வரைக்கும் கேட்கும். கேஸ் ஷீட்டில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தால், எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பேன். "படிச்சுத்தானே வந்தே?" என்பது நான் அடிக்கடி சொன்ன வார்த்தை. கண்டிப்பாக இருப்பதுதான் நோயாளிக்குச் செய்யும் அன்பு என்று நினைத்திருந்தேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. நோயாளிகள் மேல் எனக்கு உண்மையாகவே அக்கறை இருந்தது. அந்த அக்கறையை என்னோடு வேலை செய்தவர்களுக்கு நான் கொடுக்கவில்லை.

ஒரு வயதான அம்மா சர்க்கரை நோயோடும் காலில் ஆறாத புண்ணோடும் எங்களிடம் அட்மிட் ஆகியிருந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின். ஒரு நாள் இன்சுலின் போட்ட பிறகு அவர் இரண்டு வாய்தான் சாப்பிட்டார். வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆன ஒரு பெண் அன்றைக்கு நைட் டியூட்டியில் இருந்தாள். பின்னிரவு மூன்று மணிக்கு அந்த அம்மாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 52க்கு இறங்கியிருந்தது. அவள் பதறிப்போய்ச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தாள், ஏறியிருந்தது. அதுவரைக்கும் செய்தது எல்லாம் சரி. அப்புறம் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும், கேஸ் ஷீட்டில் எழுதியிருக்க வேண்டும். அவள் இரண்டையும் செய்யவில்லை.

எழுதாததால் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் இரவும் அதே அளவு இன்சுலின் போட்டார்கள். விடியும் முன்பு அந்த அம்மா கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. சர்க்கரை 31. டாக்டர் ஓடிவந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். காலை ரவுண்ட்ஸில், "இதுக்கு முன்னாடி சுகர் இப்படி இறங்கியிருக்கா?" என்று கேட்டார். நான் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இல்லை டாக்டர்" என்றேன். பக்கத்தில் நின்ற அந்த அம்மாவின் மகள் சொன்னார்: "முந்தின ராத்திரியும் இப்படித்தானே சிஸ்டர் வேர்த்துச்சு? அந்தச் சின்ன சிஸ்டர் சர்க்கரைத் தண்ணி கொடுத்தாங்களே!"

அந்தப் பெண்ணை மேட்ரன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, அவளை வேலையை விட்டே அனுப்பிவிட வேண்டும் என்ற முடிவோடுதான் போனேன். மேட்ரன் முதலில் அவளை உட்காரச் சொன்னார். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவரே அவள் கையில் கொடுத்தார். அவள் கை நடுங்கியதில் தண்ணீர் சீருடையில் சிந்தியது. அது காயும் வரைக்கும் அவசரப்படாதவர் மாதிரி காத்திருந்துவிட்டு, "ஏம்மா சொல்லல?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "சிஸ்டருக்குப் பயந்துதான் மேடம்."

அவளை அனுப்பிவிட்டு மேட்ரன் என் பக்கம் திரும்பினார். "உங்க வார்டுல தப்பே நடக்கலன்னு சொல்லிட்டு இருந்தீங்க. நடந்துட்டுத்தான் இருந்திருக்கு. உங்க காதுக்கு வரல, அவ்வளவுதான்."

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்; பத்து நாள் கழித்து நல்லபடியாக வீட்டுக்கும் போனார். ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேதத்தை எடுத்து யோவான் 13ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். சின்ன வயதிலிருந்து மனப்பாடமான பகுதி. சீஷர்களின் கால்களை ஆண்டவர் கழுவியது. "போஜனத்தை விட்டெழுந்து, வஸ்திரங்களைக் கழற்றிவைத்து, சீலையை எடுத்து, அரையிலே கட்டிக்கொண்டு" என்று போகிற நான்காம் வசனம்தான் எப்போதும் என் கண்ணில் படும். அன்றைக்கு அதற்கு முந்தின மூன்றாம் வசனம் என்னைப் பிடித்து நிறுத்தியது. பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்திருக்கிறார், தாம் தேவனிடத்திலிருந்து வந்தவர், தேவனிடத்திற்கே போகிறவர் என்பதை அவர் அறிந்து எழுந்தார் என்று யோவான் எழுதுகிறார். எல்லா அதிகாரமும் கையில் இருக்கிறது என்று தெரிந்த அந்த நேரத்தில், அந்தக் கை போய் எடுத்தது ஒரு துண்டை.

நான் எத்தனையோ முறை அந்தப் பகுதியை, அதிகாரம் இருந்தும் அவர் பணிந்தார் என்று வாசித்திருக்கிறேன். அந்த "இருந்தும்" யோவான் எழுதியதில் இல்லை. "அறிந்து" என்றுதான் இருக்கிறது. தாம் யார் என்று அறிந்திருந்ததால்தான் அவரால் குனிய முடிந்தது. நான் குனிய முடியாமல் நின்றதற்கு என்ன காரணம் என்று அந்த இரவில் எனக்குப் புரிந்தது. எனக்கு என் இடத்தைப் பற்றிய பயம் இருந்தது. குரலைத் தாழ்த்தினால் யாரும் மதிக்க மாட்டார்கள், ஒரு தவறு வெளியே தெரிந்தால் என் பெயர் போய்விடும் என்ற பயம். என் கீழே வேலை செய்கிறவர்களுக்கு நான் கொடுத்துக்கொண்டிருந்ததும் அதே பயத்தைத்தான்.

அந்தக் காலத்தில் கால் கழுவுவது அவ்வளவு கீழான வேலை. எபிரெய அடிமையைக்கூட அதைச் செய்யச் சொல்லக்கூடாது என்று பழைய யூதப் போதகர்கள் சொல்லியிருக்கிறார்கள். லூக்கா எழுதுகிறபடி, தங்களில் யார் பெரியவன் என்று சீஷர்கள் வாக்குவாதம் பண்ணியதும் அதே ராப்போஜன வேளையில்தான். அங்கே இருந்தவர்களில் யூதாசும் ஒருவன். அவன் எழுந்து வெளியே போனது கால் கழுவி முடித்த பிறகு. தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவனின் குதிகாலையும் ஆண்டவர் கையில் ஏந்தித் துடைத்திருக்கிறார். இதை நினைக்கும்போது இன்றைக்கும் என்னால் அடுத்த வசனத்துக்குப் போக முடிவதில்லை.

மறுநாள் ஹேண்ட் ஓவரில் எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் திட்டியது எல்லார் முன்னாலும் என்பதால் மன்னிப்பும் அங்கேயே கேட்க வேண்டும் என்று தோன்றியது. அப்புறம் நான் புதிதாக வேலைக்கு வந்தபோது செய்த ஒரு தவறைச் சொன்னேன். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்த இரண்டு பேருக்கு ஆன்டிபயாடிக்கை மாற்றிப் போட்டதும், அன்றைக்கு எனக்கு சீனியராக இருந்தவர் திட்டாமல் என்னோடு விடியும் வரைக்கும் அந்த இரண்டு கட்டில்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்ததும். பதினெட்டு வருடமாக நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. எனக்குக் கிடைத்த அந்த இரக்கத்தை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பதிவேடு நிறையத் தொடங்கியது. முதல் மாதத்திலேயே ஏழு. அடுத்த மாதம் பதினொன்று. பெரும்பாலானவை நோயாளியைத் தொடும் முன்பே பிடித்துவிட்டவை: ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரண்டு மருந்துகள் ஒரே தட்டில் இருந்தது, அளவு எழுதியிருந்த எழுத்து புரியாதது, ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள். எல்லாம் முன்பும் நடந்தவைதான். நிர்வாகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு, வார்டில் என்ன குறை என்று கேட்டார்கள். எனக்காக மேட்ரன் பதில் சொன்னார். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்ததை அவர் எடுத்துச் சொன்னார். நன்றாக இணைந்து வேலை செய்யும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எட்மண்ட்சன் எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அந்தக் குழுக்களில்தான் அதிகமாக இருந்தன. அங்கே இருந்தவர்கள் தவறை வெளியே சொல்லப் பயப்படவில்லை என்பது பிறகுதான் அவருக்கு விளங்கியது.

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிவைத்த விதிமுறையில், முக்கியமான காரியம் வந்தால் மடாதிபதி எல்லாரையும் கூட்டி ஆலோசனை கேட்க வேண்டும் என்று சொல்கிறார். ஏனென்றால் எது நல்லது என்பதை ஆண்டவர் பல நேரம் இளையவருக்கே வெளிப்படுத்துகிறாராம். சமையற்கட்டில் அந்த வாரம் முறை முடிகிறவரும் அடுத்த வாரம் தொடங்குகிறவரும் சேர்ந்து எல்லாருடைய கால்களையும் கழுவ வேண்டும் என்பதும் அதே விதிமுறையில் இருக்கிறது. கால் கழுவத் தெரிந்த இடத்தில்தான் இளையவரின் வாய் திறக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது எங்கள் ஹேண்ட் ஓவரில் முதலில் பேசுவது வேலைக்குக் கடைசியாக வந்தவர். மருந்துத் தட்டை இரண்டாகப் பிரிக்கலாம் என்று சொன்னது அப்படி ஒரு சின்னப் பெண்தான்.

தாழ்மை என்றால் எதையும் கண்டுகொள்ளாமல் விடுவது என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படிக் குழம்பினேன். ஒருவர் தொடர்ந்து தாமதமாக வந்தார். அவருடைய வேலையையும் சேர்த்து மற்றவர்கள் சுமந்தார்கள். இரண்டு முறை தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன், மூன்றாம் முறை எழுத்து மூலமாக எச்சரிக்கை கொடுத்தேன். கொடுக்கும்போது மனம் கஷ்டப்பட்டது, ஆனாலும் கொடுத்தேன். பிரதான ஆசாரியனுக்கு முன்பாகச் சேவகன் ஒருவன் ஆண்டவரை அறைந்தபோது, அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. நான் தகாததைப் பேசியிருந்தால் அதைக் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். திருப்பி அடிக்கவும் இல்லை, நடந்தது சரி என்று விட்டுவிடவும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வது எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கோபம் முதலில் தொண்டைக்குத்தான் வருகிறது. அந்த நேரத்தில் போய்க் கை கழுவிவிட்டு வருகிறேன். எங்கள் வேலையில் கை கழுவப் போவதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. அந்த ஒரு நிமிடம் ஜெபிக்கப் போதும்.

அதைவிடக் கஷ்டமானதும் ஒன்று உண்டு. "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு தடுத்தாரே, அந்தப் பிடிவாதம் எனக்குள்ளும் இருந்தது. உதவி செய்ய ஓடுவேன், உதவி வாங்கத் தெரியாது. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். டியூட்டி முடியும் வரைக்கும் சொல்லாமல் இருந்தேன். முன்பு சொன்ன அதே பெண் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உட்காருங்க சிஸ்டர், நான் பாத்துக்கறேன்" என்று என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள். உட்கார்ந்தேன். என்னால் மறைக்கப் பழகியவள் கையால் பணிவிடை வாங்கியபோது, பேதுருவுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் புரிந்தது.

போன மாதம் பின்னிரவு இரண்டு மணி இருக்கும். தூங்கிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. வேலைக்கு வந்து மூன்று வாரம் ஆன பெண். குரலில் அழுகை.

"சிஸ்டர், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

நடந்து எத்தனை நிமிடம் ஆகிறது என்று கேட்டேன். "இப்பத்தான் சிஸ்டர், அஞ்சு நிமிஷம்கூட ஆகல. டாக்டருக்குச் சொல்லிட்டேன், வந்துட்டு இருக்கார். உடனே உங்களுக்குப் பண்றேன்."

"நல்லது செஞ்சம்மா" என்றேன். "பேஷன்ட் இப்ப எப்படி இருக்காங்க?"