டாம்பரின் யார் கையில்?

பத்து வருடத்துக்கு மேலாக ஒரு தப்பை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தில் உள்ள 'லவ் மீ டூ'வைப் போட்டு, "ரிங்கோ எவ்வளவு அடக்கமா வாசிக்கிறார் பாருங்க" என்று குழுவின் டிரம்மரைப் பற்றி வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையடிப்பேன்.

போன மாதம் அக்கா மகள் வந்திருந்தாள். 12 வயது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒருமுறை கேட்டவள், "மாமா, டிரம்ஸுக்கே ரெண்டு கையும் வேணுமே. அப்போ கூடவே ஜல்ஜல்னு ஒரு சத்தம் வருதே, அது யாரு?" என்றாள்.

அது டாம்பரின், கையில் பிடித்து ஆட்டுகிற சலங்கை வளையம். இத்தனை வருடத்தில் எனக்கு ஏன் இந்தக் கேள்வி தோன்றவில்லை? தேடிப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். அந்த டாம்பரினை ஆட்டுகிறவர்தான் ரிங்கோ. டிரம்ஸில் இருப்பவர் ஆண்டி வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரர், அன்றைக்குச் சம்பளத்துக்கு வாசிக்க வந்தவர்.

1962-இல் லண்டன் இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் இந்த ஒரே பாட்டை மூன்று டிரம்மர்களோடு மூன்று முறை பதிவு செய்திருக்கிறார்கள். ஜூன் 6-இல் அப்போது குழுவின் டிரம்மராக இருந்த பீட் பெஸ்ட். அவரை நீக்கிய பிறகு செப்டம்பர் 4-இல் ரிங்கோ. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு டிரம்ஸ் திருப்தியாக இல்லை. அதனால் 11-ஆம் தேதி வைட்டை வரவழைத்து, ரிங்கோவிடம் டாம்பரினைக் கொடுத்துவிட்டார்கள். பாவம், சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை! இதில் வேடிக்கை, அக்டோபரில் முதலில் வந்த சிங்கிளில், அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டில், இருந்தது ரிங்கோ வாசித்த பதிவுதான். அடுத்த மார்ச்சில் வந்த ஆல்பத்தில் வைட் வாசித்தது.

இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டோம். ஸ்நேர் என்கிற டிரம்மின் சத்தத்தை மட்டும் வைத்து ஆளைச் சொல்லச் சொன்னால் நான் தோற்றிருப்பேன். இசைக்குழுவோடு கரைந்துபோகத்தானே வைட் மாதிரி சம்பளத்துக்கு வாசிக்கிறவர்களைக் கூப்பிடுகிறார்கள்? டாம்பரின் கேட்டால் வைட், கேட்காவிட்டால் ரிங்கோ, அவ்வளவுதான். பெஸ்ட்டின் பதிவு 1995-இல்தான் வெளியே வந்தது. நடுவில் தாளமே மாறும், அதில் குழப்பம் வராது. என் காதுக்கு, கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் ரிங்கோவுடையதுதான் பிடித்தது.

ஆல்பத்தின் அட்டையை நம்பியும் பயனில்லை. கிஸ் என்ற ராக் குழுவின் 'டைனஸ்டி' (1979) அட்டையில் அதன் டிரம்மர் பீட்டர் கிறிஸ் முகம் இருக்கிறது. உள்ளே ஒரே ஒரு பாட்டைத் தவிர மற்றதெல்லாம் ஆண்டன் ஃபிக் வாசித்தது.

அப்புறம் அதே வருடத்துப் பிங்க் ஃபிளாய்டின் 'மதர்' போட்டேன். குழுவின் டிரம்மர் நிக் மேசனுக்கு அதன் தாளக்கணக்கு பிடிபடாமல், ஜெஃப் போர்கரோ வந்து வாசித்த பாட்டு. இவள் பாட்டு வகுப்புக்குப் போகிறவள், ஐந்தைந்தாக இருக்கும் என்று தொடையில் தகதகிட போட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் ஒத்துப்போனது, பிறகு கலைந்தது. மறுபடி போட்டாள், மறுபடி கலைந்தது.

"அந்த மேசன் அங்கிளை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் மாமா" என்று ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள்.