அப்பா கரைக்கு வந்ததும் ஏன் அடித்தேன்

எங்கள் ஊர் தங்கச்சிமடம். அப்பா ராமேஸ்வரத்தில் விசைப்படகில் கூலிக்குப் போவார். காலையில் டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் விடியும்போதுதான் கரை. படகைப் பிடித்துவிட்டார்கள் என்று பேச்சு வந்துவிட்டால் அன்றைக்கு அம்மா உலை வைக்க மாட்டாள், வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள், நானும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே இருப்பேன். விடிந்ததும் அப்பா உப்புப் பூத்த சட்டையும் மீன் பையுமாக வந்து நிற்பார். ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வேன், அடுத்த நிமிடமே அழுதுகொண்டு அவர் வயிற்றில் குத்துவேன். தூக்கினால் இறங்கத் துடிப்பேன், இறக்கினால் இன்னும் அழுவேன். "வந்த மனுசன அடிக்காத புள்ள" என்று அம்மா இழுத்துக்கொள்வாள். அப்பா ஒன்றும் பேசாமல் பாயை விரித்துப் படுத்துவிடுவார்.

அந்தக் குத்தை, குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் உள்ள பிணைப்பை (attachment) ஆராய்ந்த உளவியலாளர் மேரி அய்ன்ஸ்வொர்த்தின் ஆய்வைப் படிக்கும்போது மறுபடி பார்த்தேன். ஒரு வயதுக் குழந்தையை அறையில் விட்டுவிட்டு அம்மா சில நிமிடம் வெளியே போய்த் திரும்பி வர வேண்டும், மொத்தமே 20 நிமிடம் போல. அவர் முக்கியமாகக் கவனித்தது பிரிவை அல்ல, அம்மா திரும்பி வந்த அந்த நொடியை. சில குழந்தைகள் அழுதாலும் தூக்கியதும் அடங்கி விளையாடப் போய்விடும். சில என்னைப்போல ஒட்டிக்கொண்டே அடிக்கும். சில திரும்பியே பார்க்காது. அப்படிக் கண்டுகொள்ளாமல் இருக்கும் குழந்தைக்கும் உள்ளே நெஞ்சு வேகமாக அடித்துக்கொள்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் அளந்து சொன்னபோது எனக்கு அப்பாவின் பாய்தான் ஞாபகம் வந்தது.

1987இல் ஹேசன், ஷேவர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இந்தப் பிணைப்பைக் காதல் உறவுகளுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். என் கதை அங்கேதான் வருகிறது. வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்து பதில் வரவில்லை என்றால் எனக்குக் கை நடுங்கும், ஒரே ராத்திரியில் இருபது முப்பது கால் போட்டிருக்கிறேன், தூக்கம் போய், சோறு இறங்காமல், கடைசியில் அவர் எடுத்ததும் சண்டை. நான் துரத்தத் துரத்த அவர் இன்னும் வாய் மூடிக்கொள்வார். இதைப் பாசம் என்றே நினைத்திருந்தேன். பதற்றமும் மனச்சோர்வும் இப்படிப்பட்ட பிணைப்போடு அதிகம் சேர்ந்து வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் இது நோயின் பெயர் இல்லை, மாறக்கூடியது. ரீல்ஸில் 'பதற்றப் பிணைப்பு', 'விலகும் பிணைப்பு' என்ற வார்த்தைகளை வைத்துப் புருஷனையும் பெற்ற தாயையும் திட்டுவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. கடலுக்குப் போகாமல் அப்பாவால் எப்படி இருந்திருக்க முடியும்?

சரி, நான் என்ன செய்தேன்? ஆலோசகரிடம் போனேன். போக வழியில்லாதவர்கள் 14416க்குக் கூப்பிடலாம், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். "ஏன் எடுக்கல" என்பதற்குப் பதில் "பயமா இருந்துச்சு" என்று சொல்லப் பழகினேன். அதற்கே பல மாதம் ஆனது.

போன மாதம் வீட்டுக்காரர் லீவில் வந்தார். மூன்று வயது மகள் அவரைப் பார்த்ததும் என் பின்னால் ஒளிந்தாள், தொட வந்த கையைத் தட்டிவிட்டாள். அவர் முகம் சுருங்கி போனை எடுத்தார். "எந்திரிச்சுப் போயிராதீங்க, அப்படியே கீழ உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். இரண்டு முறை வந்து அடித்துவிட்டு ஓடினாள். அவர் நகரவில்லை. அரைமணி நேரம் கழித்து அவளாகவே வந்து அவர் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள்.