ஆண் பூனையா, பெண் பூனையா?

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு கால்நடை கிளினிக்கில் பதினோரு வருடமாகக் கவுண்டரில் இருக்கிறேன். அப்பாயின்மெண்ட், பில், மருந்து இருப்பு, யாருக்கு எப்போது லீவு என எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும்.

சில வருடங்களுக்கு முன், தைப்பூசத்துக்கு முதல் நாள். ரதம் போகிற பாதையெல்லாம் அடைப்பு, எங்கள் ஆட்களிலும் பாதிப் பேர் லீவு. காலையில் ஓர் ஆன்ட்டி போன் செய்தார். "பூனை மணல் தட்டுல போய்ப் போய் உட்கார்ந்து முக்குதும்மா, ஒண்ணும் வரல. விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?" எண்ணெய் வேண்டாம் என்றேன். மலச்சிக்கல் என்று எழுதிக்கொண்டு, விடுமுறை கழித்து வரச் சொன்னேன்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலமே பூனையைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்துவிட்டார். வயிற்றைத் தொட்ட டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, இங்கே கை வச்சுப் பாருங்க." ரோமத்துக்கு அடியில் சின்ன ஆரஞ்சு அளவில், கல் மாதிரி ஓர் உருண்டை. சிறுநீர்ப்பை. ஆண் பூனைக்குச் சிறுநீர்க்குழாய் மிகவும் குறுகல். படிகமும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் தளரும், ஓரிரு நாளில் உயிரே போகலாம். நிமிடத்துக்கு 160க்கு மேல் துடிக்க வேண்டிய இதயம் அன்று 100கூட இல்லை. இதயத்தைக் காக்கக் கால்சியம் ஊசி, அப்புறம் டியூப், டிரிப்.

இரவு, காலையில் வந்த போனைப் பற்றி டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஆணா பெண்ணான்னு கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பூனை வீட்டுக்குப் போனது. பில் கட்டும்போது அந்த ஆன்ட்டி என் கையைப் பிடித்து, "நீ நல்லா இருக்கணும்மா" என்றார். காலையில் நான் செய்த தவறை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இன்றும் நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

மலேசியாவின் 1974ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். இது என்ன நோய் என்று சொல்வது என் வேலை இல்லை. ஆனால் நோயின் பெயரை நான்தான் அன்று எழுதிவிட்டேன். கேட்க வேண்டியதைத்தான் கேட்காமல் விட்டேன். இப்போது போன் பக்கத்தில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறோம். ஆணா பெண்ணா? கடைசியாக எப்போது சிறுநீர் போனது? பனடால் (பாராசிட்டமால் மாத்திரை) ஏதும் கொடுத்தீர்களா? (ஒரே மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடலாம், பாசத்தில் கொடுத்துவிடுகிறார்கள்.) பதிலில் சந்தேகம் வந்தால் டாக்டர் ஆபரேஷனில் இருந்தாலும் கதவைத் தட்டலாம்.

புதிதாக வருபவரிடம் முதலில் போனைக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் கிளினிக்கில் முதல் மாதம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும்.

போன வாரம் அப்படிப் பழகிய பெண், ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "ஆண் பூனையாண்ணே?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்பாயின்மெண்ட் வேண்டாம், இப்பவே கிளம்பி வாங்க" என்றவள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டாக்டர் அறைக் கதவைத் தட்டப் போனாள்.