கொல்லையில் கட்டிய பீட்சா அடுப்பும் அதன் தளமும்

மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டு எங்கள் கொல்லையில் கட்டிய பீட்சா அடுப்பின் தளத்தை, கட்டி முடித்த மறுவாரமே பெயர்த்தெடுத்து மீண்டும் போட வேண்டியதாயிற்று. மேற்கூரை நன்றாகச் சூடேறிய பிறகும் தளம் மட்டும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. முதல் பீட்சாவின் மேற்புறம் கருகத் தொடங்கியபோதும் அடிப்புறம் வெளுத்தே இருந்தது. இத்தாலியின் நாப்போலி நகர முறைப்படி சுடும் பீட்சா 60 முதல் 90 வினாடிகளுக்குள் வெந்துவிட வேண்டும். அதற்குத் தளம் ஏறத்தாழ 430 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருப்பது அவசியம்.

குறை எங்கே என்று சொன்னவர், எங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனார். காங்கிரீட் மேடையின் மீது இரண்டு அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் கடுஞ்சூட்டைத் தாங்கும் தீச்செங்கல்லை அடுக்கியிருந்தேன். மணல் சூட்டைக் கீழே இறங்கவிடாது என்பது என் எண்ணம். அவர் கேட்டார்: "கடலை வறுக்கிறவங்க சட்டியில எதைத் தம்பி போடுறாங்க? மணலைத்தானே? சூட்டை வாங்கிக் கொடுக்கிறதாலதானே போடுறாங்க?" உண்மைதான். அடுப்பின் வெப்பத்தில் பெரும்பகுதியை மணல் வழியாக அடியிலிருந்த காங்கிரீட் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

இத்தகைய அடுப்பைக் கட்ட விரும்புவோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுவே. சூட்டைச் சேமிப்பது ஒரு வேலை, அதைக் கசியவிடாமல் காப்பது வேறொரு வேலை. கனமான செங்கல் முதல் வேலையைச் செய்யும், ஆனால் இரண்டாவதற்குக் காற்றைத் தன்னுள் அடைத்து வைத்திருக்கும் இலேசான பொருள் வேண்டும். நம் திருப்பத்தூர் வட்டாரத்தில் வெட்டியெடுக்கப்படும் வெர்மிகுலைட் என்னும் கனிமம், சூடாக்கினால் அடுக்கடுக்காக விரிந்து பொரியைப் போல இலேசாகிவிடுகிறது. அதில் ஐந்து பங்குக்கு ஒரு பங்கு சிமெண்ட் சேர்த்துப் பிசைந்து, மணலை அள்ளியெடுத்த அதே இரண்டு அங்குலத்தில் நிரப்பினேன். குவிமாடச் சுவரைத் தளத்தின்மேல் ஏற்றாமல், தளத்தைச் சுற்றி மேடையின்மீதே எழுப்பியிருந்ததால் எதையும் இடிக்க நேரவில்லை. அடுப்பின் வாய் வழியாகவே தளத்துக் கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க முடிந்தது. சுவரின் அடியில் காப்பு இல்லாத குறை மட்டும் இன்னும் இருக்கிறது.

குவிமாடம் கட்டிய நாட்களே எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தவை. உட்புற விட்டம் மூன்று அடி, உயரம் ஒன்றரை அடி. தளத்தின் நடுவில் சுழலும்படி ஒரு கம்பியைப் பொருத்தி, அதன் முனை தொடும் இடத்தில் பாதியாக வெட்டிய கற்களை வைத்துக்கொண்டே போனால் வளைவு தானாக அமைந்துவிடும். ஐந்தாம் வரிசை வரை கற்கள் அமைதியாக நின்றன. அதற்கு மேல் சாய்வு கூடியபோது ஒவ்வொன்றும் உள்ளே சரியப் பார்த்ததால், சாந்து இறுகும்வரை மூங்கில் கழியால் முட்டுக் கொடுத்தேன். உச்சியில் கடைசிக் கல்லைத் தட்டி இறக்கிவிட்டு முட்டுகளை எடுத்தபோது, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு அத்தனை கற்களும் அந்தரத்தில் நின்றதைக் கண்டு நான் கொண்ட மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

சாந்தில் சிமெண்டை மட்டும் நம்பக் கூடாது. சுமார் 400 டிகிரியைத் தாண்டும்போது அதன் பிணைப்பு சிதையத் தொடங்கிவிடும். மணல் மூன்று பங்கு, தீக்களிமண், சுண்ணாம்பு, சிமெண்ட் ஒவ்வொரு பங்கு என்பது பலரும் கையாளும் கலவை. தொடக்கத்தில் சிமெண்ட் பிடித்துக்கொள்ள, பின்னாளில் களிமண்ணும் சுண்ணாம்பும் பாரத்தை ஏற்றுக்கொள்கின்றன. வாயின் உயரம் குவிமாட உயரத்தில் 63 விழுக்காடு, அதாவது பதினொன்றேகால் அங்குலம். புகைபோக்கி உச்சியில் இல்லாமல் வாய்க்கு முன்புறம் இருப்பதைப் பார்த்து வியக்காத விருந்தினர் இல்லை. உச்சியில் வைத்தால் சூடு முழுவதும் நேராக மேலேறிப் போய்விடும். (பாண் என்னும் ரொட்டியைச் சுடும் இத்தகைய அடுப்பை இலங்கைத் தமிழர் போறணை என்பர், போர்ச்சுகீசியரின் 'ஃபோர்னோ' தமிழுக்குள் வந்து தங்கிய வடிவம் அது.)

புதுத் தளத்தின் ஈரம் போக ஏழு நாட்கள் சிறு தீ மூட்டினேன். முதல் நாள் கைப்பிடிச் சுள்ளி, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டி, கடைசியில் சவுக்கு விறகு. அவசரப்பட்டுப் பெருந்தீ மூட்டினால் உள்ளே ஆவியாகும் நீர் கற்களைப் பிளந்துவிடும். எட்டாம் நாள் மாலை, உட்கூரையில் படிந்திருந்த கரி எரிந்து நீங்கி, கல் மெல்ல வெளுத்து வந்தது. அடுப்பு பதத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அன்றைய பீட்சாவின் அடிப்புறத்தில் சிறுத்தைப் புள்ளிகளைப் போலக் கரும்புள்ளிகள் விழுந்திருந்தன. இரவில் வாயைப் பலகையால் மூடிவிட்டு, விடிந்ததும் தளத்தின் சூட்டை அளந்தேன்: 170 டிகிரி. அம்மா உள்ளே வைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒரு மணி நேரத்தில் பாகு கசிய வெந்திருந்தது. ஐப்பசி மழைக்கு முன் மேலே ஓட்டுக்கூரை ஒன்று போட வேண்டும். காப்புப் பொருளில் நீர் இறங்கிவிட்டால் மறுபடியும் சுள்ளித் தீயிலிருந்து தொடங்க நேரும்.